ஒன்பதா, முப்பத்தொன்றா?

மூன்று புத்தகங்கள், நாலு பேர், சூடேற்றும் கருவி இருந்த ஒரே ஓர் அறை. அந்தக் குளிர்காலம் எங்களுக்கு இப்படித்தான் தொடங்கியது. வீட்டில் வேறு அறைகள் இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்து தட்டச்சு செய்தால் விரல் நுனி மரத்துவிடும். அதனால் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறையில் அடைந்தோம். ஒருவர் பெருமூச்சு விட்டால் மற்ற மூவருக்கும் கேட்கும் நெருக்கம்.

என் சிறுகதைகள் ஒரு புத்தகம். வீட்டுக்காரனான நண்பனின் கவிதைகள் இன்னொன்று. மூன்றாவது, அண்ணன் தொகுத்த பழைய கட்டுரைகளின் மறுபதிப்பு. அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் அல்ல. எங்களைவிட இருபது வயது மூத்தவர், வேலைக்காலம் முழுக்க மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முந்தைய சோதனைப் பிரதி, திருத்தியவர். 'க், ச், த், ப்' விட்டுப்போன இடம் இருட்டில்கூட அவர் கண்ணுக்குப் படும் என்பதால் 'ஒற்று அண்ணன்' என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கும் அது தெரியும். நாலாவது ஆள் எங்கள் தோழி. பக்க வடிவமைப்பும் அட்டையும் அவள் பொறுப்பு.

முதல் வாரமே சண்டை வந்தது. என் கதைகளின் முதல் மெய்ப்பைப் படித்து முடித்த அண்ணன், "தம்பி, மௌனம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு" என்றார். நான் உடனே கோப்பைத் திறந்து அந்தச் சொல்லைத் தேடினேன். 9 இடங்கள். இருநூறு பக்கத்துக்கு மேல் போகும் புத்தகத்தில் 9 தடவை வந்தால் அது ஜாஸ்தியா? திரையைத் திருப்பி அவரிடம் காட்டினேன். கொஞ்சம் வெற்றிக் களிப்போடு காட்டினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை ஒரு தாளைக் கொடுத்தார். பென்சிலால் பக்க எண்களை வரிசையாக எழுதி, கீழே கோடு போட்டுக் கூட்டியிருந்தார். 31.

"கணினி பொய் சொல்லுமா அண்ணே?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. கவிஞன் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டான். தோழி மட்டும் எழுந்து வந்து, அண்ணன் குறித்த ஒரு பக்கத்துக்குப் போய் அந்தச் சொல்லின்மேல் கர்சரை வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினாள். சரியாக எழுதிய 'மௌனம்' என்றால் முதல் எழுத்தை ஒரே தாவலில் கடக்கும். இங்கே நடுவில் ஒரு தடவை நின்றது. அது 'மௌனம்' இல்லை, 'மெளனம்'. அதாவது மகரத்தின் முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் தனியாக ஒரு 'ள'. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

காரணம் பழைய கதைதான். என் கதைகளில் பாதி, பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் பல வருடம் முன்பு அடித்தவை. தட்டச்சுப்பொறிப் பழக்கத்தில் வந்த எழுத்துருக்களில் ஔகாரத்துக்குக் கொம்பை அடித்து, எழுத்தை அடித்து, அப்புறம் 'ள'வையே அடிப்பது வழக்கம். பின்னால், இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றியபோது அந்த 'ள' அப்படியே 'ள'வாகவே வந்துவிட்டது. ஆக, புதிதாக எழுதிய கதைகளில் இருந்த 9 மட்டும்தான் தேடலில் சிக்கியது. மீதி 22 ஒளிந்துகொண்டிருந்தன.

அண்ணன் சொன்னது சரி என்று ஒத்துக்கொள்வதற்குப் பதிலாக நான் செய்த காரியம் இருக்கிறதே, அதைத்தான் இந்தக் கட்டுரையைப் படிக்கும் எவரும் செய்துவிடக் கூடாது. கொம்பும் 'ள'வும் சேர்ந்து வரும் இடங்களையெல்லாம் ஔகாரக் குறியாக மாற்றும்படி கட்டளை கொடுத்து, 'அனைத்தையும் மாற்று' பொத்தானை அழுத்தினேன். ஒரு நொடியில் முடிந்தது. திரையில் சில நூறு மாற்றங்கள் என்று வந்தபோதாவது யோசித்திருக்க வேண்டும். வெளிச்சம், வெள்ளம், தெளிவு, வெளியே, பிள்ளைகளின் வெள்ளைச் சட்டை என்று நியாயமாகவே கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் சொற்கள் தமிழில் எத்தனை! அத்தனையும் உடைந்து, எழுத்துக்கு நடுவே புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று முளைத்து நின்றது. குளிர்காலக் கதைகள் வேறு; பக்கத்துக்குப் பக்கம் வெளிச்சம். நல்லவேளை, தோழி முந்தைய நாள் கோப்பைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

அப்புறம் ஒழுங்காகச் செய்தோம். மௌனம், கௌரவம், பௌர்ணமி, சௌகரியம், லௌகிகம், யௌவனம் என்று ஔகாரம் வரும் சொற்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகத் தேடி, ஒவ்வோர் இடமாகப் பார்த்து மாற்றினோம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பு என்றால் இன்னும் சிலவற்றையும் பார்க்க வேண்டும். 'கொ', 'கோ' போன்றவற்றில் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாக இருக்கலாம்; யூனிகோடு விதிப்படி இரண்டும் சமம்தான், ஆனால் எல்லாத் தேடலும் அதை மதிப்பதில்லை. துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர' உட்கார்ந்திருக்கலாம். தமிழ் எண்கள் கலந்த பழைய உரை என்றால் ௧ எது க எது, ௭ எது எ எது என்று கண்ணால் பிரிக்க முடியாது. அச்சுப் புத்தகம் மட்டும் என்றால் தப்பித்துவிடலாம் என்று தோன்றும். மின்னூல் போடும் அன்றைக்கு மாட்டிக்கொள்வோம். அட்டையிலும் மாட்டிக்கொள்ளலாம்: தோழி தலைப்புக்கு எடுத்த அலங்கார எழுத்துருவில் ஔகாரத்தின் பின்பகுதி சின்னதாகவும், தனி 'ள' பெரிதாகவும் இருந்தது. ஒரு கதையின் தலைப்பை அதில் வைத்துப் பார்த்தபோது அசிங்கமாகப் பல்லைக் காட்டியது.

அந்தச் சண்டைக்குப் பிறகுதான் வேலை செய்யும் முறையை மாற்றினோம். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெளிச்சம் இருக்கும் நேரம் குறைவு, அதை வீணாக்க முடியாது. பகலில் கண்ணால் படிக்கும் வேலை, இருட்டிய பிறகு காதால் படிக்கும் வேலை என்று பிரித்தோம். காதால் படிப்பது என்றால், ஒருவர் மூலப்பிரதியைச் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் மெய்ப்பில் விரல் வைத்துத் தொடர்வார். தனியாகப் படிக்கும்போது கண் தாவிவிடும் வரி இதில் தாவாது. கட்டுரை நூலில் ஒரு முழுப் பத்தி விடுபட்டிருந்ததை இப்படித்தான் பிடித்தோம்; 'ஆகவே' என்று தொடங்கும் இரண்டு பத்திகளில் முதலாவதைத் தட்டச்சு செய்தவர் தாண்டிவிட்டார். அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்ற வேண்டும். அதற்கு மேல் போனால் வாசிப்பவருக்குத் தொண்டை கட்டும், தொடர்பவர் தூங்கிவிடுவார். சூடான அறையில் இந்த இரண்டாவது ஆபத்து பெரிது.

என் கதைகளை நானே வாசித்துப் பார்த்தேன், பயனில்லை. எழுதியவன் தாளில் இருப்பதை வாசிப்பதில்லை, மனசில் இருப்பதை வாசிக்கிறான். 'அவன் அவளிடம் சொன்னான்' என்ற வரியில், தாளில் 'அவளிடம்' இல்லவே இல்லை. நான் நாலு தடவையும் சேர்த்து வாசித்தேன். எனவே என் புத்தகத்தைக் கவிஞன் வாசித்தான், அவனுடையதை நான். வாசிப்பவன் எங்கே தடுமாறுகிறானோ அங்கே பிழை இருக்க வேண்டியதில்லை, ஆனால் வாக்கியத்தில் ஏதோ கோணல் இருக்கும். அந்த இடத்தில் ஓரத்தில் ஒரு சின்னக் கோடு போதும்.

எல்லாவற்றையும்விட உதவிய விதி ஒன்று உண்டு. அண்ணன் போட்டது. தன் புத்தகம் வாசிக்கப்படும்போது எழுத்தாளன் விளக்கம் சொல்லக் கூடாது. "அது எதுக்குன்னா..." என்று வாய் திறந்தால் போச்சு. குறித்துக்கொள்ளலாம், முறைக்கலாம், எழுந்து போய்க் குளிரில் நின்றுவிட்டு வரலாம். பேச்சு மறுநாள் காலையில்தான். முதல் சில நாள்கள் எனக்கு இது சித்திரவதை. ஆனால் ராத்திரி முழுக்கக் கொதித்த வாதங்களில் பாதி, காலையில் அந்தத் தாளைப் பார்த்ததும் தானாக ஆறிப்போயிருந்தன. மீதிப் பாதிக்கு அண்ணனே "சரி, அது உன் இஷ்டம்" என்று விட்டுக்கொடுத்தார். நாலு பேர் நட்பு அந்தக் குளிரைத் தாண்டி வந்ததற்கு இந்த ஒரு ராத்திரி இடைவெளிதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கவிஞன் வேறு ரகம். கவிதையில் ஒற்று போட்டால் ஓசை முட்டுகிறது என்பது அவன் கட்சி. அண்ணன் 'தந்த பலகை', 'தந்தப் பலகை' என்று எழுதிக் காட்டினார். முதலாவது யாரோ கொடுத்த பலகை, இரண்டாவது யானைத் தந்தத்தில் செய்தது. "ஒரு ப் போனா யானையே போயிடும்டா" என்றார். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு, பொருள் மாறும் இடத்தில் ஒற்று கட்டாயம், மற்ற இடத்தில் கவிஞன் சொல்வதே முடிவு என்று ஆனது. இப்படி எடுத்த முடிவுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். 'படித்துக்கொண்டிருந்தேன்' சேர்த்தா பிரித்தா, எண்களை எழுத்தாலா இலக்கத்தாலா, கிரந்தம் எந்தச் சொற்களில், மேற்கோள்குறி ஒற்றையா இரட்டையா. எது சரி என்பதல்ல கேள்வி. ஒரு புத்தகத்துக்குள் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான். மறுபதிப்புக் கட்டுரைகளுக்கு மட்டும் அந்தத் தாள் செல்லாது. பழையவர் எழுதியது எழுதியபடியே, வெளிப்படையான அச்சுப்பிழையை மட்டும் தொடலாம்.

கோப்பு விஷயத்திலும் ஒருமுறை சூடுபட்டோம். நானும் தோழியும் ஒரே கோப்பின் இரண்டு பிரதிகளில் ஒரே மாலையில் திருத்தம் செய்தோம். 'இறுதி', 'இறுதி-2', 'இதுதான் இறுதி' என்று மூன்று பெயர்கள். எதில் எது இருக்கிறது என்று பிரிக்க ஒரு முழு நாள் போனது. அதற்குப் பிறகு கோப்பைத் திறப்பது ஒரே ஒருவர் கை. மற்றவர்கள் தாளில் எழுதிக் கொடுப்போம், அவள் ஏற்றுவாள், ஏற்றியதை டிக் செய்வாள். கோப்புப் பெயரில் தேதி மட்டும். தாளில் பென்சில்தான், ராத்திரி குளிர்ந்த அறையில் கிடந்த பந்துமுனைப் பேனாவில் மை கெட்டியாகி எழுதவே மாட்டேன் என்றது.

குளிர் காகிதத்தையும் விடவில்லை. மெய்ப்பு எடுக்கும் தாள்கட்டுகளை நடைவழியில் அடுக்கியிருந்தோம். அங்கிருந்து ஒரு கட்டைத் தூக்கி வந்து உடனே பிரித்து அச்சுப்பொறியில் போட்டால் தாள் வளைகிறது, சிக்குகிறது. ஜில்லிட்ட தாளின் மேல் அறையின் ஈரம் படிவதால் வரும் வினை. கட்டைப் பிரிக்காமல் ஒரு ராத்திரி சூடான அறையில் வைத்திருந்து மறுநாள் திறந்தால் தொல்லை இல்லை. அதற்காக அடுப்பங்கரை மாதிரி சூடேற்றிய இடத்தில் திறந்தே வைக்கவும் கூடாது. காற்று காய்ந்துபோய், தாளும் ஈரம் இழந்து ஓரம் சுருளும், இரண்டு மூன்று தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே இழுப்பில் உள்ளே போகும்.

அட்டை நிறத்தில் ஏமாந்தது நான்தான். ராத்திரி மஞ்சள் விளக்கில் மாதிரியைப் பார்த்து, சாம்பல் நீலம் பச்சையடிக்கிறது என்று மாற்றச் சொன்னேன். தோழி மாற்றாமல் விட்டுவைத்து, மறுநாள் மதியம் சன்னல் பக்கத்தில் அதே தாளை நீட்டினாள். நல்ல நீலம். அச்சுத்துறையில் நிறம் பார்க்க 5000 கெல்வின் வெளிச்சம் என்று ஒரு தரமே உண்டு. அது இல்லாத வீட்டில் நடுப்பகல் சன்னல்தான் கதி. அட்டைக்கு அவள் சொல்லித் தந்த இன்னும் இரண்டு: ஓரம் வெட்டுவதற்காக நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும், சின்ன எழுத்தின் கறுப்பு நாலு மையும் கலந்த கறுப்பாக இருக்கக் கூடாது, கறுப்பு மை மட்டும். இல்லாவிட்டால் மைகள் இம்மியளவு விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும்.

என் புத்தகம் 213 பக்கம் வந்தது. அச்சகத்தில் முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை பாரம்?" என்பதுதான். ஒரே பெரிய தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்கள்தான் பாரம்; எங்கள் புத்தகத்துக்கு ஒரு பாரம் 16 பக்கம். 13 பாரம் என்றால் 208, 14 என்றால் 224. ஐந்து பக்கத்துக்காக இன்னொரு பாரமா, பதினோரு வெற்றுப் பக்கமா? எழுத்தைச் சின்னதாக்கலாம் என்றேன். "படிக்கிறவங்க கண்ணைக் கெடுக்காதே" என்று தோழி மறுத்துவிட்டாள். கடைசியில் ஒரு கதையைத் தூக்கினோம். ஆறு பக்கக் கதை. எதைத் தூக்குவது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் அந்தப் பழைய பென்சில் தாளை எடுத்து நீட்டினார். 31 மௌனத்தில் 8 அந்த ஒரே கதையில். 207 பக்கமும் கடைசியில் ஒரு வெற்றுப் பக்கமுமாக 13 பாரத்தில் அடங்கியது. பக்க எண்ணிக்கை முடிவாகும்வரை தோழி முதுகு அட்டையைத் தொடவே இல்லை. 208 பக்கம் என்றால் 104 தாள். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், முதுகு 10 மில்லிமீட்டர் சொச்சம். தாள் ரகம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும் என்பதால் அச்சகத்திடம் அவர்கள் போடப்போகும் தாளையே கேட்டு அளந்தாள்.

புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னையும் சத்தமாகத்தான் சரிபார்த்தோம். 2007 முதல் அது 13 இலக்கம். இலக்கங்களை மாறி மாறி 1, 3 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். ஓர் இலக்கம் தப்பானால் உடனே தெரிந்துவிடும். ஆனால் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறி, அவற்றின் வித்தியாசம் 5 ஆக இருந்தால் கணக்கு கண்டுபிடிக்காது. கவிஞன் எழுதிய எண்ணில் 2, 7 இடம் மாறியிருந்தது இப்படித்தான் கணக்கில் தப்பி, காதில் மாட்டியது.

முதல் மாதிரிப் பிரதி ஒன்று வந்தது. வாசலில் நின்றே, கையுறையைக் கழற்றாமல், நடுவில் விரித்தேன். படக்கென்று ஒரு சத்தம், முதுகில் விரிசல், நாலைந்து தாள் தனியாகக் கையோடு வந்தது. அச்சகத்தாரைத் திட்ட வாய் எடுத்தேன். அண்ணன் தடுத்தார். சாதாரணமாகப் போடும் சூட்டுப்பசை கடுங்குளிரில் விறைத்துப்போகும், அப்போது புத்தகத்தை அகல விரித்தால் உடையும். பியூஆர் என்னும் இன்னொரு வகைப் பசை குளிரைத் தாங்கும், செலவு கூடும். காகிதத்தின் இழை முதுகுக்கு இணையாக ஓடாமல் குறுக்கே ஓடினாலும் தாள் மடங்க மறுத்துப் பசையை இழுக்கும். கழன்ற தாளை எடுத்து நீளவாட்டில் கொஞ்சம், குறுக்குவாட்டில் கொஞ்சம் கிழித்துக் காட்டினார். ஒரு பக்கம் நேராகக் கிழிந்தது, மறுபக்கம் கோணல்மாணலாக. நேராகக் கிழியும் திசைதான் இழை. எங்கள் மாதிரியில் இழை சரியாகவே இருந்தது, பசைதான் பிரச்சினை. கேட்டோம், மாற்றிக் கொடுத்தார்கள்.

பெட்டிகள் வந்த அன்று நல்ல குளிர். மூன்று பெட்டிகளையும் அறைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, நாளைக் காலைவரை யாரும் தொடக் கூடாது என்று அண்ணன் சொன்னார். தாள்கட்டுக்குச் சொன்ன அதே நியாயம். நாலு பேரும் தலையாட்டினோம். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது, பெட்டியின் ஒட்டுப்பட்டை மெதுவாகக் கிழியும் சத்தம் கேட்டது. தோழிதான் என்று நினைத்து எழுந்தேன். அண்ணன் முழங்காலில் உட்கார்ந்திருந்தார். ஒரு பிரதியை எடுத்து, திறக்காமல், தன் போர்வைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"சூடானதும் திறக்கலாம்" என்றார். "பென்சில் அங்கதான் இருக்கட்டும்."